சமைத்த சோயா மொச்சையின் உணவு மதிப்பு

மத்தியப் பிரதேசத்தின் மாளவப் பகுதியில் மழைக்காலத்தின் நடுவே பயணம் செய்பவர், சாலையின் இரு மருங்கிலும் கண்ணுக்கெட்டிய வரையில் ஒரே பயிர் பசுமையாக நிற்பதைக் காண்பார். அது சோயா மொச்சை. 1960-களின் பிற்பகுதி வரையில் அப்பகுதியில் இப்பயிர் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். மழைக்காலத்தில் தரிசாகக் கிடந்த கரிசல் நிலங்களில் இன்று அதுவே முதன்மைப் பயிராகும். மகாராஷ்டிரத்திலும் ராஜஸ்தானத்திலும் பல மாவட்டங்களில் இதே நிலையைக் காணலாம். ஆயினும், விளைந்த விதையில் மிகப் பெரும் பங்கு எண்ணெய் ஆலைகளுக்கே செல்கிறது. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கு கோழித் தீவனமாகவும் ஏற்றுமதிச் சரக்காகவும் போய்விடுகிறது. விளைவித்தவருடைய வீட்டுத் தட்டிலோ ரொட்டியும் மிளகாய்த் துவையலும், கிடைத்த நாளில் சிறிது பருப்பும் இருக்கின்றன. புரதம் மிகுந்த விதை வாசலில் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருக்க, அவ்வீட்டுக் குழந்தை புரதக் குறைவோடு வளர்வது ஏன்?

விலை ஒரு காரணம். பழக்கமின்மை மற்றொரு காரணம். இவற்றோடு நம்மைச் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. களப்பணியாளரின் சொல்லைக் கேட்டு ஒரு குடும்பம் சோயாவை ஒரு நாள் சமைக்கிறது. துவரம் பருப்பை வேக வைப்பது போல் அரை மணி நேரம் கொதிக்க வைத்து இறக்குகிறார்கள். விதை வேகவில்லை, பச்சை நாற்றம் போகவில்லை, உண்ட குழந்தைகளுக்கு வயிறு உப்புகிறது. மறு முறை அவ்வீட்டில் சோயா அடுப்பேறுவதில்லை. அவர்களிடம் நாம் சொன்னதெல்லாம் “நூற்றுக்கு நாற்பது பங்கு புரதம்” என்னும் எண் மட்டுமே. அந்த எண் எப்பொழுது உண்மையாகும், எப்பொழுது ஆகாது என்பதைச் சொல்லத் தவறினோம். சோயாவின் உணவு மதிப்பு பாதி விதையிலும் பாதி அடுப்பிலும் இருக்கிறது. ஆதலின், சமையலைப் பற்றிய செய்திகளே இக்கட்டுரையில் மிகுதியாக இடம் பெறும்.

உலர்ந்த விதையும் வெந்த விதையும்

உலர்ந்த சோயா விதை 100 கிராமில், இனத்திற்கு ஏற்ப, 36 முதல் 40 கிராம் வரை புரதம் இருக்கிறது. பழைய அட்டவணைகளில் 43 கிராம் என்றும் காணப்படும். கொழுப்பு ஏறக்குறைய 20 கிராம். துவரம் பருப்பில் புரதம் ஏறக்குறைய 22 கிராம். கொழுப்போ 2 கிராமுக்கும் குறைவு.

ஆனால் உலர்ந்த விதையை யாரும் உண்பதில்லை. ஊறி வெந்த விதை இரண்டு மடங்குக்குச் சற்று மேற்பட்ட எடையை அடைகிறது. அவ்வாறு வெந்த விதை 100 கிராமில் 62 கிராம் அளவு நீரே. புரதம் ஏறக்குறைய 17 கிராம், கொழுப்பு 9 கிராம், சுண்ணாம்புச் சத்து 100 மில்லிகிராம், இரும்புச் சத்து 5 மில்லிகிராம். இதிலிருந்து கிடைக்கும் சக்தி ஏறக்குறைய 170 கலோரி. சில ஆசிரியர்கள் இவ்விரு எண்களையும் ஒப்பிட்டு, “சமைத்தால் பாதிக்கு மேல் புரதம் அழிந்துவிடுகிறதே” என்று மயங்குவதுண்டு. புரதம் அழியவில்லை, நீர் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. 30 கிராம் உலர்ந்த விதை, வெந்தபின் ஒரு சிறு கிண்ணம் நிறைந்த 65 கிராமாகிறது. அதிலுள்ள 11 கிராம் புரதம் முன்பும் இருந்ததே. முன்பு உடலுக்குப் பயன்படாத நிலையில் இருந்தது; இப்பொழுது பயன்படும் நிலைக்கு வந்திருக்கிறது.

பச்சை விதையில் உள்ள தடை

1917-ஆம் ஆண்டில் ஆஸ்போர்ன், மெண்டல் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்குச் சோயா ஊட்டிப் பார்த்தனர். பச்சை விதையின் மாவை உண்ட எலிகள் ஒழுங்காக வளரவில்லை. அதே விதையை நீரில் வேக வைத்து ஊட்டியபோது நன்கு வளர்ந்தன. இவ்வேறுபாட்டின் காரணம் பிற்காலத்திலேயே தெளிவாயிற்று. 1945-இல் குனிட்ஸ் என்பவர் சோயாவிலிருந்து ஒரு புரதத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அது டிரிப்ஸின் என்னும் செரிமான நொதியைப் பற்றிக்கொண்டு, அதனை வேலை செய்யவொட்டாமல் தடுக்கும் தன்மையுடையது.

டிரிப்ஸின் கணையத்தில் தோன்றிச் சிறுகுடலுக்கு வந்து புரதங்களை அறுக்கும் கத்தி போன்றது. பச்சைச் சோயாவை உண்டால் அக்கத்தி உறையிலிடப்படுகிறது. உண்ட புரதத்தில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறுகிறது. தீமை அத்துடன் நிற்பதில்லை. நொதி போதவில்லை என்று உணர்ந்த கணையம் மேலும் மேலும் சுரக்கிறது; எலிகளிலும் கோழிக்குஞ்சுகளிலும் அது வீங்கியே விடுகிறது. கணையம் சுரக்கும் இந்நொதிகளில் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் மிகுதி. சோயாவில் குறைவாக இருப்பவையும் அவையே. எனவே, ஏற்கெனவே குறைவாக உள்ள பொருளை உடல் மேலும் இழக்கிறது.

நல்லூழாக, இத்தடைப் பொருள் வெப்பத்தைத் தாங்காது. ஆனால் வெப்பத்தோடு ஈரமும் வேண்டும் என்பதை மறக்கலாகாது. நன்கு ஊறிய விதை கொதிநீரில் 20 முதல் 30 நிமிடம் இருந்தால் தடைப் பொருளில் பெரும் பகுதி செயலிழக்கிறது. உலர்ந்த விதையை வாணலியில் வறுத்தால் வெளிப்புறம் கருகும் வேளையிலும் உட்புறத்தில் தடை எஞ்சியிருக்கலாம். சோயாவில் இதே வேலையைச் செய்யும் மற்றொரு சிறு புரதமும் உண்டு. அது முன்னதைக் காட்டிலும் வெப்பத்தை மிகுதியாகத் தாங்கவல்லது. கடலையைப் போல வறுத்துக் கொறித்தால் போதும் என்று கூறும் அறிவுரையை நாம் ஏற்காமைக்கு இதுவே காரணம். இந்தூரில் உள்ள ஆராய்ச்சி நிலையம் குனிட்ஸ் தடைப் புரதம் இல்லாத என்.ஆர்.சி. 127 போன்ற இனங்களை உருவாக்கியிருக்கிறது. அவ்வினங்களையும் வேக வைத்தே உண்ண வேண்டும். ஏனெனில் இரண்டாவது தடை அவற்றிலும் இருக்கிறது.

வகுப்பறையில் ஒரு சோதனை

தடைப் பொருள் அழிந்ததா என்பதைக் கண்ணால் காண முடியாது. ஆனால் அதனோடு ஏறக்குறைய ஒரே வேகத்தில் வெப்பத்தால் அழியும் யூரியேஸ் என்னும் நொதி சோயாவில் உண்டு. பிண்ணாக்குத் தொழிற்சாலைகளில் சரக்குப் போதிய அளவு சூடேற்றப்பட்டதா என்பதை இந்நொதியைக் கொண்டே ஆராய்கிறார்கள். பள்ளியிலும் இதனை எளிதாகச் செய்து காட்டலாம்.

இரண்டு சோதனைக் குழாய்களில் சம அளவு யூரியாக் கரைசலை எடுத்துக்கொள்க. ஒன்றில் பச்சைச் சோயாவை இடித்த தூளை ஒரு சிட்டிகை இடுக. மற்றொன்றில் நன்கு வெந்து உலர்த்தப்பட்ட சோயாவின் தூளை அதே அளவில் இடுக. சிறிது நேரம் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தபின், நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளைக் குழாய்களின் வாயில் பிடித்துப் பார்க்கலாம். முதற் குழாயின் மேல் தாள் நீலமாகும். அம்மோனியாவின் நெடியும் வீசும். யூரியேஸ் யூரியாவைச் சிதைத்ததன் விளைவு அது. இரண்டாம் குழாயில் மாறுதல் இராது. இருந்தால், விதை சரியாக வேகவில்லை என்று கொள்க. எட்டாம் வகுப்பு மாணவர் இச்சோதனையை ஒரு முறை கண்டுவிட்டால், வீட்டுக்குச் சென்று தாயிடம் சொல்லும் செய்தி நம்முடைய பத்து விளம்பரத் தாள்களைவிட வலிமையுடையதாயிருக்கும். சோதனைக்கு ஆய்வுக்கூட யூரியாவையே பயன்படுத்துக. பயன்படுத்திய தூளை யாரும் வாயிலிடாதவாறு பார்த்துக்கொள்க.

வேக வைக்கும் முறை

முதலில் ஓர் எச்சரிக்கை. விதைப்பதற்கென்று விற்கப்படும் சோயாவில் பூசணக்கொல்லி மருந்து கலந்திருக்கும். பெரும்பாலும் நிறமும் ஏற்றியிருப்பார்கள். அதை எவ்வளவு கழுவினாலும் உணவுக்கு ஆகாது. உணவுக்குரிய விதையைத் தனியே வாங்குதல் வேண்டும். அல்லது அறுவடையின்போதே எடுத்து வைத்தல் வேண்டும்.

விதையைப் பொறுக்கி, கழுவி, அதனைப் போல் நான்கு மடங்கு நீரில் இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும். 8 மணி நேரம் போதும். கோடையில் 12 மணி நேரத்துக்கு மேல் போனால் நீர் புளித்துவிடும், ஆதலின் நடுவில் ஒரு முறை நீரை மாற்றுவது நல்லது. ஊற வைத்த நீரைக் கொட்டிவிடுக. பொதுவாக, ஊற வைத்த நீரையும் வேக வைத்த நீரையும் கொட்டக்கூடாது என்றே நாம் போதித்து வருகிறோம். சோயாவுக்கு அவ்விதி பொருந்தாது. அதிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் இரு சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அவை பெருங்குடலுக்குச் சென்று நுண்ணுயிர்களால் நொதித்து வாயுவை உண்டாக்குகின்றன. அச்சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய நீரில் இறங்கிவிடுவதால் அந்நீரைக் கொட்டுவதே முறை. சில உயிர்ச்சத்துக்களும் சிறிது போகும், அவ்விழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நாற்றம். சோயாவின் பச்சை நாற்றம் விதைக்கு இயல்பாக உள்ளதன்று, நாமே உண்டாக்குவது. விதை உடைந்து நீர்படும்போது லிப்பாக்ஸிஜனேஸ் என்னும் நொதி அதன் கொழுப்பைத் தாக்கி அந்நாற்றத்தைப் பிறப்பிக்கிறது. ஆகவே, ஊறிய விதையைக் குளிர்ந்த நிலையில் அரைக்கவோ நசுக்கவோ கூடாது. வேறொரு பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வைத்து, கொதிக்கும் நீரிலேயே விதையைப் போட வேண்டும். நொதி வேலை தொடங்குமுன் வெப்பம் அதனை முடக்கிவிடும். தண்ணீரில் விதையைப் போட்டுப் பின்னர் மெல்லச் சூடேற்றுவது தவறு. இந்த ஒரு மாற்றத்தால், சோயாவை வெறுத்தவர்களும் உண்ண முன்வருவதைக் காணலாம்.

கொதிநீரில் 10 நிமிடம் வைத்து அந்நீரையும் வடித்துவிட்டுப் புது வெந்நீரில் வேக வைக்கலாம். பிரஷர் குக்கரில் ஆவி வந்த பிறகு 20 நிமிடம். திறந்த பாத்திரத்தில் ஒன்றரை மணி முதல் மூன்று மணி வரை. சோயா பொங்கி நுரைக்கும். தோல் கழன்று குக்கரின் ஆவித் துளையை அடைத்துவிடவும் கூடும். ஆதலின், பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு வேக வைப்பதே பாதுகாப்பு. புளி, தக்காளி முதலிய புளிப்புப் பொருள்கள் விதை மென்மையாவதைத் தாமதப்படுத்தும்; வெந்தபின்னரே அவற்றைச் சேர்க்க வேண்டும். விரைவில் வேக வேண்டுமென்று சமையல் சோடாவை இடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது தயாமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை அழிப்பதால் கைவிடத் தக்கது. கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையில் அழுத்தினால் நடுவில் கடினம் இன்றி நசுங்க வேண்டும். அதுவே பதம்.

மாவாக்கிப் பயன்படுத்த விரும்பினாலும் வேக வைத்தல் தவிர்க்கப்படுவதன்று. தோல் நீக்கிய பருப்பைக் கொதிநீரில் அரை மணி நேரம் வேக வைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, பின்னர் அரைத்தல் வேண்டும். 9 பங்கு கோதுமை மாவுக்கு 1 பங்கு சோயா மாவு கலந்தால் ரொட்டியின் சுவையில் மாறுதல் தெரிவதில்லை. கொழுப்பு மிகுந்த மாவாதலால் நெடுநாள் வைத்தால் காறல் வாசம் வந்துவிடும். பதினைந்து நாள் தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்வது நன்று. கடைகளில் ‘மீல் மேக்கர்’ என்னும் பெயரால் வழங்கும் உருண்டைகள் எண்ணெய் நீக்கிய மாவிலிருந்து ஆலையில் சூடும் அழுத்தமும் ஊட்டிச் செய்யப்படுபவை. அவற்றுக்கு இவ்வளவு நீண்ட சமையல் வேண்டுவதில்லை.

தானியத்தோடு சேர்க்கை

நன்கு வெந்த சோயா தனியே நின்றால் அதன் பயன் முழுமை பெறாது. கோதுமை, அரிசி, சோளம் ஆகியவற்றின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. சோயாவில் அது நிறைவு. சோயாவில் குறைவாயுள்ள மெத்தியோனின் தானியங்களில் போதிய அளவு இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது என்று வாய்ப்பாடாகச் சொல்வது எளிது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு, கிலோவுக்கு 30 மில்லிகிராம் வீதம், 1650 மில்லிகிராம் லைசின் தேவை. அவர் 300 கிராம் கோதுமை மாவில் செய்த ரொட்டியை உண்கிறார் என்று கொள்வோம். அதிலிருந்து ஏறக்குறைய 31 கிராம் புரதம் கிடைக்கும். லைசினோ 900 மில்லிகிராம் அளவே. அதாவது, வயிறு நிரம்பியும் லைசின் தேவையில் பாதிக்குச் சற்று மேலே மட்டுமே நிறைவேறியிருக்கிறது. அத்துடன் 30 கிராம் சோயாவை வேக வைத்து உண்டால் மேலும் 11 கிராம் புரதமும், ஏறக்குறைய 700 மில்லிகிராம் லைசினும் சேர்ந்து, தேவையைக் கிட்டத்தட்ட எட்டிவிடுகின்றன. அதே 30 கிராம் துவரம் பருப்பானால் கிடைப்பது 420 மில்லிகிராம் அளவே. சோள ரொட்டி உண்ணும் மராட்டியக் குடும்பத்தில் இக்குறை இன்னும் மிகுதி; அங்கே சோயாவின் உதவியும் மிகுதி. அரிசி உண்போர்க்கு லைசின் கணக்கு கோதுமையை ஒத்ததே. ஆனால் அரிசியில் மொத்தப் புரதமே குறைவு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மிகைப்படுத்தலும் அனுபவமும்

சோயாவைப் பற்றி நம் நாட்டில் எழுந்த முதல் ஆர்வம் இன்று நேற்றையதன்று. 1935-இல் காந்தியடிகள் தம் ‘ஹரிஜன்’ இதழில் இதைப் பற்றி எழுதினார். வார்தாவில் மகன்வாடியில் உணவாகவும் பயன்படுத்திப் பார்த்தனர். பரோடா சமஸ்தானத்தில் இதனைப் பரப்ப முயற்சி நடந்தது. அதே காலத்தில் நீலகிரியில் குன்னூரில் இருந்த ஊட்டச் சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் அய்க்ராய்டும் அவருடைய உடன் பணியாளரும் குழந்தைகளின் உணவோடு கொழுப்பு நீக்கிய பாலையும் சோயாவையும் சேர்த்து ஒப்பிட்டு, 1937-இல் முடிவுகளை வெளியிட்டனர். பால் அளித்த வளர்ச்சியைச் சோயா அளிக்கவில்லை. 1946-இல் வெளியான ஓர் ஆய்வறிக்கையும், அரிசி உணவுக்குத் துணையாக நம் பருப்பு வகைகளைக் காட்டிலும் சோயா சிறந்தது என்பதற்குச் சான்றில்லை என்றே கூறிற்று.

இம்முடிவுகளை மறைத்துப் பேசுவது அறிவியலுக்கு அழகன்று. அவை சோயாவுக்கு எதிரான தீர்ப்பும் அல்ல. பால் அளிக்கும் ஏ உயிர்ச்சத்து, பி12 உயிர்ச்சத்து ஆகியவற்றை எந்தப் பருப்பும் அளிக்க முடியாது, சோயாவும் அப்படியே. வீட்டில் செய்யும் சோயாப் பாலைப் பசும்பாலுக்கு ஈடாகக் கருதுவதும் தவறு. அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தரலாகாது என்னும் விதிக்குச் சோயா விலக்கன்று.

மலைநாட்டு மக்களோ ஆராய்ச்சிக் கூடங்களுக்கு நெடுங்காலம் முன்பே இவ்விதையை அறிந்திருந்தனர். குமாவூன் மலைகளில் ‘பட்’ என்று வழங்கும் கருஞ்சோயாவை இரும்பு வாணலியில் நெடுநேரம் கொதிக்க வைத்துக் குழம்பாக்கிச் சோற்றுடன் உண்கின்றனர். சிக்கிமிலும் டார்ஜிலிங்கிலும் ‘கினிமா’, மணிப்பூரில் ‘ஹவாய்ஜார்’, மேகாலயத்தில் ‘துங்ரிம்பாய்’, நாகாலாந்தில் ‘அக்குனி’ என்பன யாவும் புளிக்க வைத்த சோயாவே. இவற்றில் எதிலும் பச்சை விதையைப் புளிக்க வைப்பதில்லை. முதலில் நன்றாக வேக வைத்து, பின்னரே இலையில் பொதிந்தோ கூடையிலிட்டோ வெப்பமான இடத்தில் வைக்கின்றனர். நுண்ணுயிர்கள் வாயுவை உண்டாக்கும் சர்க்கரையையும், இரும்புச் சத்தைப் பிணித்து வைக்கும் ஃபைட்டிக் அமிலத்தையும் ஓரளவு குறைத்துவிடுகின்றன. நெடுங்காலப் பழக்கம் கண்ட வழி அது.

ஃபைட்டிக் அமிலத்தைக் குறிப்பிட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். அட்டவணையில் சோயாவின் இரும்புச் சத்து பெரிதாகத் தோன்றும். அதில் சிறு பகுதியே இரத்தத்தைச் சேரும். உண்ணும்போது எலுமிச்சம் பழம் பிழிந்துகொண்டாலும், நெல்லிக்காய் அல்லது கொய்யாவைச் சேர்த்துக்கொண்டாலும் சேரும் அளவு கூடும். உணவுடன் தேநீர் அருந்தினால் குறையும். கழலை நோய் உள்ள பகுதிகளில் அயோடின் கலந்த உப்பைத் தவறாது பயன்படுத்துமாறு சொல்ல வேண்டும்; ஏனெனில் சோயா மிகுந்த உணவில் அயோடின் தேவை சற்று உயர்கிறது. தைராய்டு மருந்து உண்பவர், மருந்துக்கும் சோயா உணவுக்கும் இடையே சில மணி நேரம் விடுதல் நன்று. சிலருக்குச் சோயா ஒவ்வாமையும் உண்டு.

எவ்வளவு, எவ்வாறு தொடங்குவது

2024-இல் வெளியான இந்திய உணவு வழிகாட்டி நெறிகள் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 85 கிராம் பருப்பு வகைகளைப் பரிந்துரைக்கின்றன. அவ்வளவையும் சோயாவாக்கச் சொல்வது அறியாமை. அதில் மூன்றில் ஒரு பங்கைச் சோயாவாக்கி, எஞ்சியதை வழக்கமான பருப்பாகவே வைத்துக்கொள்ளலாம். பழக்கமில்லாத வீட்டில் தலைக்கு 10 கிராம் உலர்ந்த விதையிலிருந்து தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் 30 கிராமுக்கு உயர்த்தினால் வயிறு பழகிக்கொள்ளும்.

பள்ளி மதிய உணவில் தொடக்கப் பள்ளி மாணவருக்கு நாளொன்றுக்கு 20 கிராம் பருப்பு விதிக்கப்பட்டிருக்கிறது. நூறு குழந்தைகள் உண்ணும் பள்ளியில் இது 2 கிலோவாகும். அதில் அரை கிலோவுக்குச் சோயாவைப் பயன்படுத்த அனுமதி பெற்றால், முதல் நாள் மாலையே ஊற வைக்க ஒருவரை நியமிப்பதுதான் தலைமையாசிரியர் செய்ய வேண்டிய முதற் காரியம். சமையல் செய்யும் அம்மையாரிடம் கொதிநீர் முறையைச் சொல்லிக் கொடுத்து, முதல் முறை உடனிருந்து பார்க்க வேண்டும். சோயாவைத் தனியாக வேக வைத்து, வெந்த பின்னரே பருப்புடன் கலக்க வேண்டும்; இரண்டையும் ஒன்றாக ஏற்றினால் பருப்பு கரைந்துவிடும், சோயா வேகாது. பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒரு விதையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கட்டும். நசுங்காவிட்டால் அன்றைக்குப் பருப்பை மட்டும் பரிமாறிவிட்டு, சோயாவை மீண்டும் அடுப்பேற்றுக.